கம்பிக்கு அந்தப் பக்கம் கோரஸ் அண்ணன்

ஓசூரில் கோரஸ் அண்ணனிடம் ஒரு வரிகூடத் திருப்பிப் பாடாமல் தப்பித்தவர்கள் இரண்டே வகையினர். அவர் ஊருக்கு வருவதற்கு முன்பே செத்துப்போனவர்கள் ஒரு வகை. நான் இன்னொரு வகை.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. மத்தூர்ப் பக்கத்துக்காரர். தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். காக்கிச் சட்டை, கழுத்தில் ஈரத்துண்டு, ஸ்டீயரிங்கை இடிக்கும் வயிறு. அவருக்கு ஒரு வியாதி இருந்தது. ஒரு வரி பாடுவார், நிறுத்திவிடுவார். எதிரில் இருப்பவர் அதைத் திருப்பிப் பாடும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். பாட்டும் வெளியில் வாங்கியதல்ல, அவரே அந்த நிமிடத்தில் கட்டுவது.

“தக்காளி வண்டி முன்னால போவுது, தள்ளி நில்லு ராசாத்தி!”

முதல் ஷிப்டுக்குத் தூக்கக் கலக்கத்தோடு ஏறியவர்கள் இதைத் திருப்பிப் பாடியாக வேண்டும். பாடாவிட்டால் பஸ் முதல் கியரிலேயே ஊரும். பக்கத்தில் சைக்கிளில் போகிற ஆள் முந்திக்கொண்டு போய்க் கையசைப்பான். அந்த அவமானம் தாங்காமலே பாடிவிடுவார்கள்.

வேலைக்கு வரும்போதே பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று கம்பெனிக்குப் புகார் போனது. விசாரிக்க ஓர் அதிகாரி டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

“ஏன்யா, வண்டி ஓட்ட வந்தியா, பாட வந்தியா?”

“ஓட்டத்தாங்க சார் வந்தேன். இவங்க பாடினாத்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. நான் தூங்கிட்டா பரவாயில்லீங்களா?”

அதிகாரி யோசித்தார். கம்பெனி வாசலில் இறங்கும்போது அவருடைய டை தோளில் கிடந்தது. உச்சத்தில் பாட வேண்டிய வரிகளையெல்லாம் அவர்தான் பாடிக்கொண்டு வந்தார் என்று சொன்னார்கள்.

இன்னொரு முறை சிக்னலில் ஒரு போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்டார். அண்ணன் அதை நீட்டியபடியே ஒரு வரி பாடினார். “லைசென்ஸக் கேட்டா பாட்டாடா பாடறே?” என்று அவர் கத்த, அண்ணன் அந்தக் கத்தலையே ராகத்தில் போட்டார். பஸ் முழுக்க அதைத் திருப்பிப் பாடியது. பின்னால் நின்ற லாரி கிளீனரும் சேர்ந்துகொண்டான். போலீஸ்காரர் சிரித்துவிடக் கூடாதே என்று விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

என்னிடம் மட்டும் எதுவும் பலிக்கவில்லை. நான் படித்தவன். மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போட்டே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்து ஒரு வரி பாடிவிட்டுக் காத்திருப்பார். நான் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வேன். அவருடைய டீயில் ஆடை படியும். “சாருக்கு இன்னைக்கு மூடு இல்ல” என்று மற்றவர்களிடம் எனக்காகச் சமாதானம் சொல்லிவிட்டு எழுந்து போவார்.

ஒருநாள் நல்ல மழை. மேம்பாலத்துக்கு அடியில் அவருடைய பஸ் நின்றுபோனது. ஆட்களை இறக்கித் தூண்களுக்கு நடுவே நிற்கவைத்துவிட்டு, வழக்கம்போல ஒரு வரியை எடுத்துவிட்டார். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே மேலிருந்து அந்த வரி திரும்பி வந்தது. மறுநாள் டீக்கடையில் அவருக்கு நிலைகொள்ளவில்லை.

“சார், பாலமே பாடுதுங்க சார்! யாரும் சொல்லிக் குடுக்கல. ஒரு சொல்லு வுடாம பாடுது!”

“அதுக்குப் பேரு எதிரொலி” என்றேன்.

“பேரு எதுவா வேணா இருக்கட்டுங்க. பாடுதில்ல?”

அன்றிலிருந்து ஞாயிறு மாலைகளில் பாலத்தடியில் கூட்டம் சேர்ந்தது. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், எந்த மாநிலம் என்றே தெரியாத பையன்கள். தளியிலிருந்து பூ கொண்டுவந்து விற்கும் ஓர் அம்மா, “ஏனப்பா, நின் ஹாடிகெ கொனேனே இல்வா?” என்று கன்னடத்தில் திட்டுவார். உன் பாட்டுக்கு முடிவே கிடையாதா என்று அர்த்தம். திட்டி முடித்த கையோடு முதல் ஆளாகத் திருப்பிப் பாடுவதும் அவர்தான். ஆளுக்கொரு பாஷையில் உச்சரிப்பு உடையும். ராசாத்தி ரஜாதியாவாள், தக்காளி டகாலியாகும். பாலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து திருப்பித் தரும்.

பாட்டுக்குப் பின்னால் கடலை வண்டி வந்தது. அதற்குப் பின்னால் டீ. அப்புறம் ஷேர் ஆட்டோக்காரர்கள் அங்கே நிறுத்தி, “கோரஸ் ஸ்டாப், கோரஸ் ஸ்டாப்” என்று கூவத் தொடங்கினார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் வாழ்நாளில் நான் போட்ட எந்த வரைபடத்திலும் ஜனங்கள் நான் நினைத்த இடத்தில் நின்றதில்லை. இந்த ஆள் பென்சில் தொடாமல் ஒரு நிறுத்தத்தை உண்டாக்கிவிட்டார்.

அந்தச் சமயம் எங்கள் பகுதியில் வியாபாரிகளும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு அழகுக் குழு தொடங்கினார்கள். முறையாக அனுமதி வாங்கிப் பாலத்தடியைச் சீர்படுத்துவது வேலை. ஆலோசகர் நான். ஆக்கிரமிப்பு என்று காட்டுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் படமெடுத்துக் குழுவில் காட்டினேன். படத்தின் நடுவில் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு நான் போட்ட திட்டம் இது: சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே புல், குரோட்டன்ஸ். அத்தனை தூண்களிலும் ‘இசை’ என்ற தலைப்பில் ஓவியம்.

பாடுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பாட்டைத் தூணில் வரைவது எப்படி என்று அப்போது எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. வீணை வந்தது, மிருதங்கம் வந்தது, நாதஸ்வரம் வந்தது. பாடகர் முகத்துக்கு மாதிரி வேண்டும் என்று ஓவியர் கேட்டார். கைவசம் இருந்த அந்தப் புகார்ப் படத்தைக் கொடுத்தேன். ஆள் உயரத்துக்கு மேல், பல் அத்தனையும் தெரிய, கோரஸ் அண்ணன் தூணில் ஏறிவிட்டார். வேலியின் கேட்டுக்குப் பூட்டும் போட்டோம்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். தப்பித்துப் போவதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

“சார், அது நாந்தானுங்களே?”

“ஒரு மாதிரிக்கு வரைஞ்சது.”

“மூக்கு எங்கப்பாரு மூக்கு. நல்லாத்தான் இருக்குது.” கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப நான் உள்ள இருக்கேன். இல்லீங்களா? ஒண்ணு அவனை வெளிய வுடுங்க. இல்லாட்டி என்னை உள்ள வுடுங்க. ரெண்டு பேரும் தனித்தனியா நின்னா கோரஸ் வராதுங்க சார்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் இடம் தேடி அலைந்தது. ஏரிக்கரையில் காற்று பாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. பூங்காவில் நடைப்பயிற்சிக்காரர்கள், தங்கள் மூச்சுக்கணக்கு தப்புகிறது என்று விரட்டினார்கள். பஸ் நிலையத்தில் இரண்டு மாநிலத்து ஹாரன்களும் சேர்ந்து அண்ணனைத் தோற்கடித்தன. ஷிப்டு மாறுகிறவர்களுக்கு இந்த வாரம் எங்கே என்று தெரியவில்லை. வருகிறவர்கள் குறைந்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் மட்டும் பழைய இடத்தில் நின்று பழைய பேரையே கூவிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு சாயங்காலம் மட்டும் கேட்டைத் திறக்க வேண்டும். “கமிட்டியில சொல்றேன்” என்றேன். அதிலிருந்து டீக்கடையில் அவர் பாடுவதை விட்டுவிட்டார். எதிரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்.

“மீட்டிங் ஆச்சுங்களா சார்?”

“அடுத்த வாரம்பா.”

மீட்டிங் எத்தனையோ நடந்தது. நான் புல்லுக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசினேன், குரோட்டன்ஸை ஆடு மேய்வதைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்டதைப் பற்றிப் பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. அந்த ஆள் என் எதிரே அடங்கி உட்கார்ந்து கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

பிறகு கொஞ்ச நாள் அவரைக் காணவில்லை. லீவில் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம் சும்மா விசாரித்தேன்.

“தெரியாதா சார் உங்களுக்கு? நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு, திரும்பல. ஊருக்குத்தான் கொண்டுட்டுப் போனாங்க. எங்களுக்கே அப்புறமாத்தான் தெரிஞ்சுது.”

நான் அடுத்த மீட்டிங்குக்குக் காத்திருக்கவில்லை. குழுத் தலைவருடைய கடைக்கே போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டைத் திறந்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு வாடிக்கையாளருக்கு ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தாராளமாத் தெறங்க. யாரு வேணாம்னா? இதை அப்பவே சொல்லியிருந்தா அப்பவே தெறந்திருப்போமே சார்.”

பூட்டின் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு மாலையில் போய்க் கேட்டைத் திறந்துவைக்கிறேன். யாரும் வருவதில்லை. ஒருமுறை பூக்கார அம்மா வந்து தூணைப் பார்த்துவிட்டு, கூடையிலிருந்து கொஞ்சம் சாமந்தியை எடுத்து அடியில் வைத்துவிட்டுப் போனார். அவர் யாரையும் திட்டாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

பாலத்தடி என்பதால் லாரிப் புகை அந்த ஓவியத்தில் சீக்கிரம் படிந்துவிடுகிறது. வீட்டிலிருந்து ஒரு பழைய துண்டும் வாளியும் கொண்டுபோகிறேன். வீணையை விட்டுவிடுவேன், மிருதங்கத்தை விட்டுவிடுவேன். ஸ்டூல் போட்டு ஏறி அவருடைய முகத்தை மட்டும், பெயிண்ட் உரிந்துவிடாமல், ஒவ்வொரு பல்லாகத் துடைத்துவிட்டு வருகிறேன்.