நானூறு வருடச் சண்டைக்கு நான் சொன்ன தீர்ப்பு

ஒரு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை (சரி, பெருமைக்குத்தான்). அஞ்சாம் வகுப்போடு நின்றவன், ஐந்தருவியில் கூடையில் மங்குஸ்தான் விற்று, இன்று இரண்டு கடையும் ஒரு லாட்ஜும் வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா? பழத்தைத் தொடாமலே உள்ளே சொத்தையா என்று சொல்வேன். இந்தத் திறமையை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காட்டியதுதான் வினை.

மேலகரத்தில் பெண் வீடு. பெண் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். வயது ஏறிக்கொண்டே போன என் மகன், வாய் திறந்து 'சரி' என்றது இவளுக்கு மட்டும்தான். பெண்ணின் அப்பாவோ கறார் பேர்வழி. ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிய குடும்பத்தில் சம்பந்தமே கிடையாது என்று தரகரிடம் சொல்லியிருந்தார். "எங்க கல்யாணத்துக்கு யானையே வந்துச்சு" என்று நானும் சொல்லியனுப்பியிருந்தேன்.

கேசரி வந்தது. தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "என்னம்மா ஆராய்ச்சி பண்ணுத?" என்றேன்.

"நானூறு வருசத்துக்கு முந்துன ஒரு இங்கிலீஷ் நாடகம் மாமா. அதுல வார பொண்ணு பல்லியைக் கண்டாலே அலறுவா. ஆனா அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டு, ஜன்னல் வழியா ஏணியில எறங்கிப் போயி விரும்புனவனைக் கட்டிக்கிடுதா. போன பெறகு அப்பாவை நெனச்சு அழுதுட்டே கெடக்கா. அவ தைரியசாலின்னு பாதிப் பேரு சொல்லுதாங்க, கள்ளின்னு பாதிப் பேரு. இன்னும் சண்டை ஓயல."

நானூறு வருடமாகத் தீராத சண்டையா? நான் இருக்கும்போதா? துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"இதுக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி? பெத்தவனை ஏமாத்துனவ கள்ளிதான். அழுததெல்லாம் நடிப்பு. இப்பிடிப்பட்ட பொம்பளைய நம்ம வாசப்படி ஏற விடுவமா? என்ன அண்ணாச்சி?"

பெண்ணின் அப்பா ஆனந்தமாகத் தலையாட்டினார். பக்கத்தில் என் மனைவியின் கேசரி ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"அப்போ நான் யாரு?" என்றாள்.

"ஏட்டி, சும்மா இரி."

"அருவிக்குக் குளிக்கப் போறேன்னு எங்கப்பாகிட்டப் பொய் சொல்லிட்டு உங்ககூட வந்தவதான நானு? ஒரு மாசம் சோறு எறங்காம அழுதேனே, அது நடிப்பா?" பெண் பக்கம் திரும்பினாள். "இவுக தென்காசி பஸ் ஸ்டாண்டுல, சாரல்ல நனைஞ்ச கோழி மாதிரி நடுங்கிட்டு நின்னாவம்மா. புனலூருக்கு டிக்கெட் எடுத்ததே நான்தான்."

"அப்போ யானை?" என்றார் பெண்ணின் அப்பா.

"ரோட்டுல போச்சு அண்ணாச்சி. பஸ்ஸுல இருந்து பாத்தோம்."

மகன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெண்ணின் அப்பா எழுந்து, வாசலைப் பார்த்துக் கை நீட்டப் போனார். அதற்குள் பெண் சிரித்துவிட்டாள்.

"அப்பா, நான் புஸ்தகத்துல தேடிக்கிட்டு இருக்க பொண்ணு நம்ம வீட்டுல ஒக்காந்து கேசரி சாப்பிடுதா. எனக்கு இந்த அத்தைதான் வேணும்."

அவர் இறங்கி வர ஒரு அருவி சீசன் முழுக்க ஆனது. (அதுவரை தினமும் பிடிவாதம் பிடித்த மகள் கள்ளியா, தைரியசாலியா? நான் வாயே திறக்கவில்லை.)

இப்போது வீட்டில் என் மனைவிக்குப் பெயரே 'கதாநாயகி'. "அப்போ நான்தான கதாநாயகன்?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"இல்ல மாமா. அந்த நாடகத்துல ஜன்னலுக்குக் கீழ ஏணியப் பிடிச்சிட்டு நிக்கதுக்கு ஒரு ஆளு வருவான். அவனுக்கு வசனம் கெடையாது."

அன்றிலிருந்து வீட்டில் ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றாலும், மகனும் மருமகளும் என் மனைவியும் ஒரே குரலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் போய் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன், வசனமில்லாமல்.