எட்டு இல்லாத எண்

பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைத் தின்றோமா, கும்பிடு போட்டோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். வித்தை காட்டக்கூடாது. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் (எனக்கு மூளை கொஞ்சம் அதிகம் என்று ஒரு நினைப்பு).

டெல்லி கரோல் பாகில் வித்யாவின் வீடு. மே மாத வெயில், கூலர் இரைச்சல். அதற்கு முன்பு பார்த்த வீடுகளில் எல்லாம் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வித்யாவைப் பார்த்த நிமிடமே, இதுவாவது தட்டிப்போகக்கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

அம்மா வழக்கப்படி ஆரம்பித்தாள். "பொண்ணு ஒரு பாட்டு பாடட்டுமே."

"எனக்குப் பாட்டு வராது ஆன்ட்டி. அவருக்கு ஏதாவது வருமான்னு கேளுங்க," என்றாள் வித்யா.

எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: 12345679. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதி, எட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். யாராவது ஓர் இலக்கம் சொன்னால் அதை ஒன்பதால் பெருக்கி, வந்த விடையால் இந்த எண்ணைப் பெருக்கினால், சொன்ன இலக்கமே ஒன்பது முறை வரிசைகட்டி நிற்கும். இதைக் காட்டியே ஆபீஸில் நிறைய சமோசா தின்றிருக்கிறேன்.

நாங்கள் கொண்டுபோன சோன் பப்டி டப்பாவின் மூடியில் எண்ணை எழுதினேன். வித்யா ஏழு என்றாள்.

"அப்போ அறுபத்து மூணால பெருக்குங்க. எல்லாமே ஏழா வரும்."

அவளுடைய அம்மா குனிந்து பார்த்தார். "தம்பி, எட்டை விட்டுட்டீங்களே."

"இல்லீங்க அத்தை, அது வந்து..."

"பரவால்ல, அவசரத்துல எல்லாருக்கும் வர்றதுதான். சேர்த்துடுங்க."

வருங்கால மாமியார், முதல் சந்திப்பு. எப்படி மறுப்பது? சேர்த்துவிட்டேன். போதாதற்கு, "தேங்க்ஸ் அத்தை" என்றும் சொன்னேன்.

வித்யாவுக்கு ஆடிட் ஆபீஸில் வேலை. கால்குலேட்டரைத் தொடாமல் பேனாவிலேயே பெருக்கினாள். விடை 7777777707.

"நடுவுல ஒரு சைபர் வந்து உக்காந்திருக்கே," என்றாள்.

"அச்சா, பரவால்ல. முக்கால்வாசி வந்துடுச்சே," என்று அவளுடைய அப்பா ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலில்தான் எனக்கு உயிர் போயிற்று.

பிறகு எங்களைத் தனியாகப் பேசச் சொல்லி பால்கனிக்கு அனுப்பினார்கள்.

"எட்டு இல்லாம இருந்தாத்தானே வரும்?" என்று கேட்டாள் வித்யா.

"ஆமா."

"தெரிஞ்சே ஏன் சேர்த்தீங்க?"

"உங்கம்மா சொன்னாங்களே..."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கப்பாவும் இப்படித்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த இடமும் போச்சு என்று நினைத்தேன். சாயங்காலமே சம்மதம் என்று போன் வந்தது. தப்பு என்று தெரிந்தும் வாயைத் திறக்காத மாப்பிள்ளை லேசில் கிடைக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியதாம்.

கல்யாணமாகிப் பல வருஷமாகிவிட்டது. போன வாரம் எல்லோரும் ஆட்டோவில் சரோஜினி நகருக்குப் போனோம். அத்தை டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டோ நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. நான் வெளியே வேடிக்கை பார்த்தேன்.

"மம்மி, டாடி மறுபடி எட்டு சேத்துட்டார்," என்றாள் எங்கள் மகள். தமிழில் அவள் பிழையில்லாமல் பேசுகிற ஒரே வாக்கியம் அதுதான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டோக்காரரும் சிரித்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. நான் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது.