சிங்கப்பூருக்கு ஓர் உறை

"சிங்கப்பூரிலை உறை முக்கியம், தம்பி," என்றார் அம்பலவாணர்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மருமகன் ஸ்ரீஸ்கந்தராஜா நிமிர்ந்து பார்த்தார். உடனே அம்பலவாணரின் பார்வை ரசத்துக்குள் விழுந்துவிட்டது.

"என்ன உறை மாமா?"

மகள் சரோஜினி, ஏழு மாத வயிற்றோடும் கையில் அகப்பையோடும் பக்கத்திலேயே நின்றாள்.

"தலையணை உறை," என்றார் அம்பலவாணர். "பிறத்தியாற்றை தலையணை. ஆர் ஆர் தலை வைச்சதோ."

"அது சரிதான் மாமா," என்றார் மருமகன் பணிவாக.

லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்பலவாணர் பெரிய கிளாக்கர். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய சொந்தத் தம்பி, 'ஒரு மாதம் வந்து நின்றுவிட்டுப் போ' என்று கப்பல் டிக்கெட் அனுப்பியிருந்தான். தனியே போக அவருக்கு மனமில்லை. பள்ளிக்கூட விடுமுறைதானே என்று, வாத்தியாரான மருமகனைத் துணைக்குக் கூப்பிட்டார். அவரும் சம்மதித்தார். எல்லாம் நல்லபடிதான் இருந்தது, தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் பொன்னையா ஒரு சர்வேயரின் கதையைச் சொல்லும்வரை.

பொன்னையா சொன்ன சர்வேயர் போன வருஷம் இதே சிங்கப்பூருக்கு உல்லாசமாகப் போய்வந்தவர். வரும்போது நோயையும் கூட்டிவந்தார். வெட்கத்தில் யாரிடமும் காட்டவில்லை. அது மனைவிக்கும் தொற்றியது. அப்போது அவள் கர்ப்பிணி. பிறந்த குழந்தை தங்கவில்லை.

"இப்ப பெனிசிலின் இருக்கு, ஊசி போட்டால் மாறும்," என்றார் பொன்னையா. "ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆர் பதில் சொல்லுறது? ஒரு றப்பர் உறை போட்டிருந்தால் இவ்வளவும் இல்லை. உங்கட மருமகனிட்டைச் சொல்லி வையுங்கோ."

"நானோ?"

"அப்ப நானோ?"

மருமகன் நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தச் சர்வேயரும் நல்ல பிள்ளைதானாம். அதுதான் அம்பலவாணரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

தலையணைப் பேச்சு நடந்த அடுத்த நாளே சரோஜினி நாலு தலையணை உறை தைத்துவிட்டாள். ஒன்றில் ரோசாப்பூ, ஒன்றில் கிளி. முதுகு வலிக்க வலிக்க உட்கார்ந்து அவள் தைத்ததை அம்பலவாணர் பார்த்தார். இந்தப் பிள்ளைக்காகவாவது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மாலையில் மருமகனைத் தேயிலை ரோட்டில் நடக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நான் நேற்றுச் சொன்னது துணி உறை இல்லை."

"பின்னை?"

"உடம்பிலை போடுறது."

மருமகன் நின்றுவிட்டார். அவருடைய காதுகள் மெல்லச் சிவந்தன. அம்பலவாணரையே ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வளைவில் திரும்பினார்கள்.

"சலாங்க பெரிய ஐயா!" என்றாள் முன்னால் வந்த கருப்பம்மா. "கப்பல்ல போறீங்களாமே? ஒடம்பப் பாத்துக்குங்க ஐயா!"

"ஓம், ஓம்."

பெண்கள் கடந்து போகும்வரை இருவரும் ஆளுக்கொரு தேயிலைச் செடியைக் கவனமாகப் பார்த்தார்கள்.

"காலுறையோ மாமா?" என்றார் மருமகன் மிக மெதுவாக.

"காலுறைதான்," என்றார் அம்பலவாணர், வியர்வையைத் துடைத்தபடி. "ஈரமான ஊர்."

மறுநாள் லுணுகலைக் கடையிலிருந்து கம்பளிக் காலுறைகள் வந்து இறங்கின. சிங்கப்பூரின் வெக்கைக்கு ஒரு சோடி போட்டாலே கால் அவிந்துபோகும். அவை தலையணை உறைகளுக்கு மேல் ஏறியதும் டிரங்குப் பெட்டி மூட மறுத்தது. மூடியின்மேல் ஏறி உட்கார்ந்த அம்பலவாணர், அப்படியே துணிந்து மூன்றாம் முறையும் தொடங்கினார்.

"தம்பி, இது றப்பராலை செய்தது. நோய் வராமல் காக்கும். வாங்குறதுக்கு வெக்கப்படக் கூடாது."

கொக்கியை மாட்டிக்கொண்டிருந்த மருமகன் கையை எடுத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் இதுவரை காணாத ஒரு கனிவு.

"விளங்குது மாமா. இதிலை வெக்கப்பட என்ன இருக்கு? ஆம்பிளையளுக்கு உள்ளதுதானே."

உள்ளதுதானே என்கிறானே! அப்படியென்றால் இவன் தீர்மானித்துவிட்டான்!

"எல்லாம் நான் ஒழுங்கு செய்யிறன்," என்றார் மருமகன். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அடுத்த நாள் சரோஜினியை மாதப் பரிசோதனைக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு மருமகன் கூட்டிக்கொண்டு போனார். மாலை பஸ்ஸில் திரும்பி வந்தபோது அவளுடைய கண்கள் சிவந்திருந்தன.

"டாக்குத்தர் என்ன சொன்னவர் பிள்ளை?"

"நல்லாயிருக்காம் அப்பா." அவள் தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு அவருடைய தோளில் கைவைத்தாள். "அப்பா, இவர் எனக்கு எல்லாம் சொன்னவர். நான் ஒண்டும் பிழையா நினைக்கேல்லை. மனுசர்தானே."

அம்பலவாணர் கோப்பையைக் கீழே வைத்தார். தெரிந்துகொண்டே மன்னிக்கிறாள்! தாயைப் போலவே மனம்.

"நீ தெய்வம் பிள்ளை," என்றார் தழுதழுத்து.

சரோஜினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரவும் மறுநாளும் அவருக்கு நல்லெண்ணெயும் கத்தரிக்காய்க் குழம்புமாக நடந்தது. மருமகனோ அவர் எழுந்தால் எழுந்து, அவர் உட்கார்ந்தால் உட்கார்ந்தார். குற்ற உணர்ச்சி படுத்தும் பாடு என்று அம்பலவாணர் எண்ணிக்கொண்டார். கோபப்படவும் முடியவில்லை. பேசிப் பிரயோசனமில்லை; வாங்கிக் கையில் வைத்துவிட வேண்டியதுதான்.

புறப்படும் நாள், பதுளை ஸ்டேசனில், வழியனுப்ப வந்த மகளையும் மருமகனையும் பெட்டிகளோடு இருத்திவிட்டு, "வெத்திலை வாங்கிக்கொண்டு வாறன்" என்று பசாருக்கு நடந்தார். ஸரூக் முதலாளியின் மருந்துக் கடையில் கூட்டமில்லை. உள்ளே நுழைந்தவுடன் பின்னாலேயே மருமகனின் பள்ளிக்கூடத்து மர்லியா டீச்சர் நுழைந்தாள்.

"என்னங்க ஐயா வேணும்?" என்றார் ஸரூக்.

"இருமல் மருந்து."

டீச்சர் பஞ்சு வாங்கினாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள், அம்பலவாணரின் இருமலுக்குத் தேனும் இஞ்சியும் சொன்னாள். அவள் சொன்னதற்காக அவர் இரண்டு தரம் இருமியும் காட்டினார். அவள் படியிறங்கிப் போன கணத்தில், ஸ்டேசன் பக்கமிருந்து எஞ்சின் ஊதியது.

அம்பலவாணர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"றப்பர் உறை!" என்றார். கடை முழுவதும் கேட்டது. "ஒரு பெட்டி! எனக்கில்லை, மருமகனுக்கு! என்ரை பிள்ளையின்ரை உயிர் அது!"

கண்ணைத் திறந்தபோது ஸரூக் எதையும் எடுக்காமல், மேசைமேல் சாய்ந்து, அவருடைய கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்கிட்ட எதுக்கு மருமகன் பேரச் சொல்றீங்க? 'அப்பா வாய்விட்டுக் கேக்க முடியாம தலகாணி உறை, காலுறைன்னு தவிக்கிறாரு, பாவம்'னு உங்க மகளும் மருமகனும் முந்தாநாளே வந்து, உங்களுக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்களே!"