முதலாளி இல்லாத செயலியில் குடியேறியது பற்றி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். போன தடவை வந்தபோது நீ செய்துவிட்டுப் போன காரியத்துக்குப் பிறகும் அதுதான் விருப்பம். போனைத் தொடவே அலுப்பாக இருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருக்கக் கூடாதென்று சொல்லி என் போனில் இரண்டு சங்கதிகளை ஏற்றினாய். ஒன்று, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு. மற்றது, முதலாளியே இல்லாத சமூக ஊடகம். எந்தக் கம்பெனியின் கையிலும் இல்லை, ஆர்வமுள்ளவர்கள் அவரவர் வீட்டுக் கணினியில் சர்வர் வைத்து நடத்துகிறார்கள் என்றாய். எங்கள் வட்டாரத்துக்கானது என்று போட்டிருந்த சர்வரில் நீயும் சேர்ந்து, என்னையும் சேர்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் படுக்கையறைக் கூரை சொட்ட ஆரம்பித்தது. மேல்வீட்டு மருந்துக்கடைக்காரரின் வாஷிங் மெஷின் ஓடும்போதெல்லாம் சொட்டும். காப்பீட்டு அலுவலகத்தில் ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் ஆராய்ந்து காலம் தள்ளியவன் நான். ஆனால் படியேறிப் போய் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு சரி, அவ்வளவுதான் பழக்கம். ஆகவே செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். மிக அருமையான கேள்வி என்றது. இந்த வீட்டில் என் கேள்வியை யாரும் அப்படிச் சொன்னதில்லை, மயங்கிவிட்டேன். ஊடகத்தில் போட ஒரு முறையீடு எழுதித் தா, கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டும் என்றேன். என் மனைவி விடிய விடிய வாளியோடு நிற்பதாகவும், என் மூன்று பிள்ளைகள் நனைந்த பாயில் நடுங்குவதாகவும், மேல்வீட்டுக்காரர் கல்நெஞ்சர் என்றும் எழுதியது. எங்களுக்கு ஒரே பெண், அவளும் வெளியூரில் வேலை பார்க்கிறாள் என்றேன். நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளை ஐந்தாக்கியது. அலுத்துப்போய் அப்படியே போட்டுவிட்டேன்.

உன் அக்கா படித்துவிட்டு, "நான் எப்பங்க வாளி புடிச்சேன்? நல்லாத் தூங்கிட்டுல்ல இருந்தேன்" என்றாள்.

முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் படகு வேண்டுமா என்று விசாரித்தார். எல்லாரையும்விட அதிகம் உருகியவர் அந்தச் சர்வரை நடத்துகிற 'ஆமை' என்பவர். அப்படிப்பட்ட ஆளைச் சும்மா விடக் கூடாது, நானே வந்து நாலு வார்த்தை கேட்கிறேன், முகவரி கொடுங்கள் என்றார். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. கதவைத் திறந்தால், கையில் போனோடு மருந்துக்கடைக்காரர்.

நான் ஆமைக்கு அனுப்பிய முகவரியை அதில் காட்டினார். பிறகு அவர் சொன்னார்: "வாங்க, அந்த ஆளப் போய்ப் பாப்போம்."

போனோம். மெஷினுக்குப் பின்னால் குழாய் வெடித்திருந்தது. பக்கத்தில், ஈரத்தரையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு பழைய கணினி இரைந்துகொண்டிருந்தது. நீயும் நானும் குடியிருக்கும் சர்வர் அதுதானாம். மனைவி காலமான பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போனதால் ஆரம்பித்தாராம்.

"கீழ நீங்க இருக்கீங்கன்னு தெரியும். வந்து என்ன பேசுறதுன்னுதான் தெரியல" என்றார்.

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். "பிளம்பர் நம்பர் எங்கிட்ட இருக்கு" என்றுதான் வாயில் வந்தது.

குழாய் சரியாகிவிட்டது. இப்போது சாயங்காலங்களில் அவர் இறங்கி வருகிறார். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை; அவருடைய முழங்கால், என்னுடைய முழங்கால்.

ஆகவே மைத்துனா, இரண்டு செயலிகளையும் அழித்துவிட்டேன். எனக்கு இனி ஆள் முகம் பார்த்துப் பேசினால் போதும். அடுத்த முறை வரும்போது வெறுங்கையோடு வா. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படித்து, உன் யோசனைகள் எதையும் கேட்காமல் முன்னேற எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மருந்துக்கடைக்காரர் தன் மகன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார், திரும்பி வர மாதக்கணக்காகுமாம். கணினியை எங்கள் வீட்டுக்கு இறக்கியாயிற்று, கடவுச்சொல்லும் என்னிடம்தான். செயலியைத் திரும்ப ஏற்றிக்கொண்டேன். யார் இருக்கலாம், யார் போகலாம் என்பது இனி என் பொறுப்பு. அத்தான்கள் என்ற இனத்தைப் பற்றி நீ அங்கே எழுதியிருப்பதை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.