இடுப்பு வலிக்கு முன்பே வந்த தைலம்

போன சனிக்கிழமை மாமியார் ஊரான பாராஓனாவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். மாமியாருக்குப் பிறந்தநாள். இருக்கட்டும். அதே நாளில் எங்கள் தெருமுனைக் கடையில் டாமினோக் கட்டைப் போட்டியின் இறுதி ஆட்டம். மாமியாருக்கு வருஷம் தவறாமல் பிறந்தநாள் வருகிறது. நான் இறுதி ஆட்டத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இந்த எலிஹியோ யாருக்கும் அடங்குகிறவன் இல்லை. என் மனைவி நெரெய்டா சந்தைக்குப் போயிருப்பதால் தைரியமாகவே சொல்கிறேன்.

நேராக மோதினால் தோற்பேன். ஆகவே ஒரு நோய் தேவைப்பட்டது.

எங்கள் சான் கிறிஸ்டோபலில் இப்போது யாரும் போனைத் தட்டித் தேடுவதில்லை, வாயால்தான் கேட்கிறார்கள். வெண்ணெய்ப்பழக்காரன் மழை வருமா என்று கேட்கிறான். பாதிரியார் பிரசங்கத்தையே போனிடம் கேட்டு வாங்குகிறார். டயருக்குப் பஞ்சர் ஒட்டும் என் விரலோ வாழைக்காய். ஓர் எழுத்தைத் தொட்டால் நாலு விழும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் வாயால் கேட்டேன்.

"வெளியே தெரியாத, பஸ்ஸில் போகவிடாத நோய் எது?"

"இடுப்பு வலி," என்றது போனுக்குள் இருக்கும் பெண் குரல். தங்கமான பெண்!

வியாழக்கிழமை காலை முனகுவதற்கு வாயைத் திறந்தேன். முனகல் வெளியே வருவதற்குள் நெரெய்டா தைலப் புட்டியோடு நின்றாள்.

"திரும்பிப் படு. தேய்க்கணும்."

"எனக்கு இடுப்பு வலின்னு யாரு சொன்னா?"

"இருபத்திரண்டு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன். உன் இடுப்பு எனக்குத் தெரியாதா?"

தேய்த்தாள். நான் ஓட்டை டியூபைச் சுரண்டுவேனே, அந்த மாதிரி. வேறு வழியில்லாமல் பத்தே நிமிஷத்தில் குணமானேன்.

விடுவேனா? மதியம் மறுபடி குளியலறை. போன் தலைசுற்றலைச் சிபாரிசு செய்தது. வெள்ளிக்கிழமை காலை சுவரைப் பிடித்தபடி தள்ளாடி வந்தேன். மேசையில் இஞ்சித் தண்ணீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு சொல்லி வச்சுட்டேன். அங்க உக்காந்தா தலை சுத்தாதாம்."

"நான் இன்னும் வாயே திறக்கலையே!"

"நீ வாயத் திறக்காம இருந்தா நமக்கேன் இந்தக் கஷ்டம்? குடி."

எனக்கு வேர்த்துவிட்டது. குளியலறைக்கு ஓடினேன். "பெண்டாட்டி சூனியக்காரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று போனிடம் கிசுகிசுத்தேன். வெளியே வந்தால், நெரெய்டா காபியோடு நிற்கிறாள்.

"சூனியக்காரி போட்ட காபி. ஆறிடப்போகுது."

சனிக்கிழமை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோற்றவன் பஸ் ஏறலாம். அடங்கினான் என்று அர்த்தமில்லை! பின்சீட்டில் நெரெய்டா குறட்டை விட்டாள். போனை உதட்டோடு ஒட்டிவைத்து மெதுவாகக் கேட்டேன்.

"மாமியார்கள் பொதுவாக எத்தனை வயது வரை இருப்பார்கள்?"

பதில் வருமுன் சிக்னல் போய்விட்டது.

பாராஓனாவில் மாமியாரே கதவைத் திறந்தார். கையில் போன்.

"வா மாப்பிள்ளை. இடுப்பு தேவலையா? தலைசுத்தல்?"

"உங்களுக்கு எப்படி...?"

"மூணு போனுக்கும் ஒரே அக்கவுண்ட்தான் என் பொண்ணு போட்டு வச்சிருக்கா. நீ வாயால கேக்குறது அத்தனையும் எங்க போன்ல எழுத்தா வந்து விழுது."

நெரெய்டா கூரையில் எதையோ ரசித்துக்கொண்டிருந்தாள். மாமியார் ஒரு பெரிய கேக் துண்டை என் கையில் வைத்தார்.

"பஸ்ல ஒண்ணு கேட்டியே, பதில் நானே சொல்றேன். எங்கம்மா நூத்தி நாலு வரைக்கும் இருந்தாங்க. எனக்கு இன்னிக்குத்தான் எழுபத்தொண்ணு."