கயிற்றின் கடைசி ஆள்

தரையில் கவிழ்ந்து கிடந்த மேகலாவைப் பார்த்ததும், தோட்டின் திருகாணி எங்கேயோ விழுந்துவிட்டது, அதைத் தேடுகிறாள் என்றுதான் திருமலை நினைத்தான். அவனும் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான்.

"எந்தப் பக்கம் வுழுந்துச்சு?"

"ஒண்ணும் வுழல. தண்டால் எடுக்கறேன்."

"எடுக்கறியா? படுத்துனு இல்ல கீற!"

"கீழ வந்துட்டேன். மேல போவத்தான் முடியல. கையப் புடிச்சுத் தூக்குங்க."

திருமலை தூக்கினான். அவள் எழுந்தாள், வலது தோள் மட்டும் எழ மறுத்தது. கை தூக்க முடியாத அவளுக்கு அன்று தலைவாரிவிட்டதும் அவன்தான்.

மேகலா ஒரு காலத்தில் சாமானியப்பட்டவள் அல்ல. சாமல்பட்டியில் படித்தபோது மாவட்ட அளவில் குண்டு எறிந்து முதல் பரிசு வாங்கியவள். அளக்கக் கொண்டுவந்த நாடா போதாமல் வாத்தியார் திகைத்து நின்றார் என்பது அவளே சொல்லும் கதை. கல்யாணத்தோடு அதெல்லாம் நின்று போய்ப் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. இந்தப் பதினான்கு வருடத்தில் அவள் எறிந்த கனமான பொருள், திருமலையின் மேல் ஒருமுறை எறிந்த தலையணைதான்.

அந்த நாடாக் கதையை அவள் கம்பெனி கேன்டீனில் சொல்லியிருக்க வேண்டாம். ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி அது. ஆயுத பூஜைக்குப் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டியதும், அவள் வேலை பார்க்கும் மூன்றாம் லைன் முழுக்க அவளைத்தான் திரும்பிப் பார்த்தது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆணி அடித்தாற்போல் நிற்க வேண்டிய கடைசி ஆள் அவள்தான் என்று முடிவாகிவிட்டது.

முடியாது என்று சொல்லத்தான் மேகலா வாயைத் திறந்தாள். அதற்குள் பரிசு என்ன என்று பக்கத்தில் நின்ற சௌமியா வாசித்துவிட்டாள். ஜெயிக்கும் லைனுக்குத் தீபாவளிக்கு மறுநாளும் லீவு. மற்றவர்களுக்குத் தீபாவளி ஒருநாள் மட்டும்.

மேகலா வாயை மூடிக்கொண்டு, அதே லைனில் வேலை பார்க்கும் லாவண்யாவைப் பார்த்தாள்.

லாவண்யாவுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒருநாள் லீவில் போனால் காலையில் இறங்கி மதியமே பஸ் ஏற வேண்டும். அதனாலேயே மூன்று தீபாவளியாக அவள் ஹாஸ்டலில் இருந்தாள். போன வருடம் திருமலை வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, ஆறு வாரம் மேகலாவின் நைட் ஷிஃப்டுகளை எல்லாம் தானே பார்த்தவள் அவள். கண்ணெல்லாம் வீங்கிப்போய் நின்றாலும், "எனக்கு என்னக்கா, பிள்ளையா குட்டியா" என்று சிரிப்பாள். அந்த ஆறு வாரம் இல்லையென்றால் மேகலாவுக்கு வேலை இருந்திருக்காது. இதற்கு என்ன கைம்மாறு செய்வது என்று அவள் ஒரு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்காகன்னா பண்ணு," என்றான் திருமலை, அவள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே. "ஆனா தண்டால் வேணாம். தைலம் தீந்துபோச்சு."

தண்டால் போனால் என்ன, கால் இருக்கிறதே என்று மேகலா அடுத்த யோசனைக்குத் தாவினாள். கம்பெனி பஸ்ஸில் நாற்பது நிமிடம் உட்காராமல், முழங்காலை லேசாக மடக்கி நின்றே போவது. தொடை இரும்பாகிவிடும்.

"ஏம்மா, சீட்டுதான் கீதே, உக்காரு," என்றார் டிரைவர் கரியப்பன், கண்ணாடியில் பார்த்து.

"வேணாங்கண்ணா. நிக்கறேன்."

நிற்பவள் சும்மா நிற்கக்கூடாதல்லவா? பேரண்டபள்ளியில் ஏறிய நாராயணம்மாவைத் தன் சீட்டில் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். நாராயணம்மா ஐம்பது வயதுக்காரி, ஏழாம் லைன், மூட்டுவலி. கர்நாடகத்து மாலூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த அம்மாள் மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தேவரு ஒள்ளேது மாட்லி" என்றாள்.

மேகலா ஓசூருக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் தெலுங்கு எது, கன்னடம் எது என்று பிரிக்கத் தெரியாதவள். நாராயணம்மாவின் மடியில் ஒரு பெரிய மோர்த் தூக்கு இருந்தது. ஏதோ மாட்டைப் பற்றிச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, "நல்ல மாடுதான்" என்று தலையாட்டினாள்.

நான்காம் நாள் கரியப்பன் ஒரு நாய்க்காகப் பிரேக் போட்டார். இரும்பாகியிருக்க வேண்டிய தொடை இட்லி மாவாகி இருந்ததால், மேகலா நேராகப் போய் நாராயணம்மாவின் மடியில் உட்கார்ந்தாள். மோர் இருவரையும் குளிப்பாட்டியது. நாராயணம்மா கோபப்படாமல் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடியும் மாட்டைப் பற்றியே சொன்னாள்.

மோர்த் தூக்கைப் பார்த்ததும் மேகலாவுக்கு அடுத்த யோசனை வந்தது. நாராயணம்மா தன் லைன் பெண்களுக்காகத் தினமும் சுமந்து வரும் மோர் அது. நிறைந்திருந்தால் எட்டுக் கிலோவாவது இருக்கும். கைப்பிடி பலமாக இதைவிட என்ன வேண்டும்? மறுநாள் முதல் கம்பெனி கேட்டிலிருந்து ஏழாம் லைன் வரைக்கும் தூக்கை மேகலாவே பிடுங்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் காலைத் தாங்கித் தாங்கி வந்த நாராயணம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஒரு வாரத்தில் மேகலாவின் விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. தூக்கை விட முடியவில்லை. நாராயணம்மாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து நீவிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் லாவண்யா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எக்கா, வருத்திக்கிடாதிய. ஜெயிக்கலன்னா போவுது. அம்மைட்ட இந்த வருசமும் வரலன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்து மேகலாவின் தோளில் அழுகையாகச் சாய்ந்தது. வலிக்கிற தோள்தான். மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு, "தீபாவளி ராத்திரி உங்கம்மா கையால சோறு திங்கற. இது என் பொறுப்பு," என்றாள். எதிர்ச் சீட்டிலிருந்து நாராயணம்மா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரியப்பனிடம் குனிந்து ஏதோ கேட்டாள். அவரும் நீளமாக ஏதோ சொன்னார்.

பொறுப்பு எடுத்தாயிற்று. இனி ஜிம்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஜிம்மில் பயிற்சி தருபவன் சந்தோஷ், அத்திப்பள்ளிக்காரன். அவன் பொறுமையாக விளக்கினான்.

"பயிற்சிய வுட்டதும் மொதல்ல மூச்சுதான்க்கா போவும், ரெண்டு மூணு வாரத்துல. பலம் மெதுவா எறங்கும், மாசக் கணக்காவும். ஆனா ஒருக்கா வளந்த தசை மறக்காது. திரும்ப ஆரம்பிச்சா, புதுசா வர்றவங்களவிடச் சீக்கிரமா திரும்பிடும். வுட்டு எத்தன நாளாச்சு?"

"பதினாலு வருசம்."

சந்தோஷ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான்.

"ஆயுத பூஜை இந்த வருசத்துதாக்கா, அடுத்த வருசத்துதா?"

இருந்தாலும் எடை மாட்டிய ஒரு கம்பியை எடுத்துக் கொடுத்தான். மேகலா குனிந்து தூக்கினாள். முழங்கால் வரை வந்தது. அங்கேயே நின்று நடுங்கியது. சந்தோஷ் பதறி ஓடிவந்தான்.

"பிடி, பிடி, பிடி!"

மேகலா பிடித்தாள். அவன் கத்தக் கத்த இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இடுப்பில் 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் கம்பி கீழே விழுந்தது.

"நான்தான் அத்தினி வாட்டி சொன்னேனே, ஏன்க்கா வுடல?"

"பிடின்னு சொன்னா பிடிக்காம என்னா பண்ணுவாங்க?"

சந்தோஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, அவசரத்துல எங்க பாஷை வந்துடுச்சு. கன்னடத்துல பிடின்னா வுடுங்கன்னு அர்த்தம்க்கா!"

அர்த்தம் தெரிந்துகொண்ட மேகலா, மூன்று நாள் படுத்தபடியே அதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆக, ஆயுத பூஜையன்று கயிற்றின் கடைசியில் வந்து நின்றபோது அவளுக்குத் தோள் ஒருபுறம், இடுப்பு ஒருபுறம், விரல் ஒருபுறம் என்று ஆளுக்கொரு திசையில் இருந்தது. எதிரே நின்றது ஏழாம் லைன். எல்லாரும் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கத்துப் பெண்கள். வீடு அரைமணி நேரத்தில் இருப்பவர்கள். பக்கத்தில் நின்று அவர்களுக்குக் குரல் கொடுப்பவள் நாராயணம்மா. அவள் சொன்னால் நிற்பார்கள், சொன்னால் இழுப்பார்கள். ஏன் என்று கேட்கும் வழக்கமே அங்கே இல்லை. அன்று காலையும் அவர்கள் குடித்தது மேகலா சுமந்த மோர்தான்.

விசில் ஊதியதும் மேகலாவின் மூச்சு முதலில் போயிற்று. சந்தோஷ் சொன்னது சரிதான். பிறகு பலமும் போயிற்று. மூன்றாம் லைன் ஒரு அடி முன்னால் சறுக்கியது. இன்னொரு அடி.

"மேகலாக்கா, பிடி! பிடி!" என்று சௌமியா கத்தினாள். குடும்பத்தார் வரிசையில் நின்ற திருமலை, "பிடி மேகலா, வுட்றாத!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மைதானம் முழுக்க அதே சத்தம்.

கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. மேகலா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் நாராயணம்மாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையையும் உயர்த்தித் தன் பெண்களிடம் பெருங்குரலில் கத்தினாள்.

"பிடி! பிடி!"

அவ்வளவுதான், தொலைந்தோம் என்று மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். லாவண்யாவின் அம்மா உலை வைக்கும் பானை அவள் கண்ணில் வந்து நின்றது. இருந்த உயிரையெல்லாம் கூட்டி ஓர் இழுப்பு இழுத்தாள்.

கயிறு பறந்து வந்தது. மூன்றாம் லைன் முழுக்க ஒருத்தி மேல் ஒருத்தியாக மல்லாந்து விழுந்தது. அடியில் மேகலா கிடந்தாள். ஏழாம் லைன் பெண்கள் வெறுங்கையோடு நின்றிருந்தார்கள். வேர்வையில் கை வழுக்கிவிட்டது போலும் என்று ஹெச்.ஆர். மேடம் பரிதாபப்பட்டார்.

லாவண்யா வந்து கட்டிக்கொண்டு அழுதாள். மேகலாவும் அழுதாள், பாதி சந்தோஷம், பாதி இடுப்பு. நாராயணம்மா நொண்டி நொண்டி வந்து, தோற்ற வருத்தம் துளியும் இல்லாமல் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மேகலா முதல் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். மனது நிறைந்து வழிந்தது. மாரியம்மனுக்கு நன்றி சொன்னாள், தைலம் தேய்த்த திருமலைக்குச் சொன்னாள், நாடா போதாத வாத்தியாருக்கும் சொன்னாள். பிறகு கரியப்பனிடம் ஆரம்பித்தாள்.

"ஒருக்கா வளந்த தசை மறக்காதுன்னு சந்தோஷ் சொன்னது நெசந்தாங்கண்ணா. கடைசி நிமிசத்துல எங்கிருந்துதான் வந்துச்சோ அந்த பலம்!"

"இருக்கும்மா, இருக்கும்."

"ஆனா அந்த நாராயணம்மாதான் புரியல. தோத்த பொறவும் மாட்டப் பத்தியே பேசுது. ஒள்ளேது மாட்லியாம்."

கரியப்பன் சிரித்தார். "மாடு இல்லம்மா. சாமி உனக்கு நல்லது பண்ணட்டும்னு வாழ்த்துது. மூணு வாரமா சீட்டக் குடுத்து, தூக்கும் சொமந்தியே. உன்னாட்டம் மனசு யாருக்கும் இல்லன்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுவுது. லாவண்யா கதையக்கூட எங்கிட்டத்தான் கேட்டுச்சு."

மேகலாவுக்கு வெட்கமாகப் போயிற்று. தொடைக்காக நின்றதையும், விரலுக்காகச் சுமந்ததையும் எப்படிச் சொல்வது? பேச்சை மாற்றினாள்.

"அப்பிடிப் பாசம் வெச்சிருந்தும், போட்டின்னு வந்தா போட்டிதாங்கண்ணா. கடைசி வரைக்கும் பிடி, பிடின்னு தன் ஆளுங்களுக்கு எப்பிடிக் கத்துச்சு பாத்தீங்களா?"

கரியப்பன் கியரை மாற்றிவிட்டுக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"பிடின்னா கத்துச்சு? அந்தம்மாவுக்குக் கன்னடத்த வுட்டா வேற ஒரு வார்த்தையும் தெரியாதேம்மா!"