சம்பாவ் சாம்பார்

மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் சில ஆண்கள் பொறுப்பாக டாக்டரிடம் ஓடுவார்கள். நான் சமைக்கப் போய்விடுவேன். (என் மனைவி ஜெயாவைக் கேட்டால், காய்ச்சலே தேவலை என்பாள்.)

கொஞ்ச நாளைக்கு முன் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயா திரும்பிவிட்டாள். அவள் நாக்கு திரும்பவில்லை. கஞ்சி கசந்தது. கோழி சூப் நாறியது. “வேணாங்க” என்று சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது.

வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் நோர் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். புலம்பினேன். கையிலிருந்த புல்லை ஆட்டிக் காட்டி, “சம்பாவ் குடுத்துப் பாரு. நாங்களும் சாப்பிடுவோம்லா. வாய்க்கு ருசி வரும்” என்றார் மலாயில்.

மலாய்க்காரர்கள் வாயில் நம் சாம்பாரின் கடைசி எழுத்து தேய்ந்துதான் வரும். ஆக, புல் சாம்பார்! அந்தப் புல்லின் பெயரே சம்பாவ் என்று எனக்கு எப்படித் தெரியும்? (பொறந்ததுலேர்ந்து மலாய் பேசுறேன்னு பீத்திக்குவேன் வேற.)

வீட்டோரத்தில் ஒரு கட்டு பிடுங்கினேன். கதிரும் தண்டுமாக முருங்கைக்காய் நீளத்துக்கு நறுக்கி, பருப்பில் போட்டு, புளி ஊற்றி, பெருங்காயம் மணக்க இறக்கினேன்.

ஜெயா ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். நான் குளித்துவிட்டே வந்திருக்கலாம்; இன்னும் மென்றாள். திடீரென்று தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர். போச்சு! கையில் கரண்டியோடு வேலிக்குப் பாய்ந்தேன்.

“காக்! அது விஷமா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?”

“எதைக் குடுத்தே?”

“நீங்க சொன்ன சாம்பார்தான்!”

காக் நோர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ, சம்பாவ் புல்லு பேருலா! அடியில இருக்குற இளங்குருத்தை மட்டும் பச்சையா மிளகாய்ச் சம்பல் தொட்டுக் கடிக்கணும். மத்ததெல்லாம் ஆட்டுக்கு!”

உள்ளே ஓடினால், ஜெயாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வாயிலிருந்து நாரை இழுத்தபடியே, “என்னாங்க, என்னை எந்த மரத்துல கட்டப் போறீங்க?” என்றாள்.

சிரித்து ஓய்ந்ததும், “பசிக்குது” என்றாள்.

புல்லை அரித்துப் போட்டுவிட்டு, அதே சாம்பாரில் தட்டுச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தாள். நான் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன். (வெங்காயம்தான்.)

இன்றைக்கும் நகராண்மைக் கழகத்து ஆட்கள் புல் வெட்டும் மெஷினோடு தெருவில் நுழைந்தால் போதும், உள்ளேயிருந்து ஜெயா குரல் கொடுப்பாள்: “என்னாங்க, சீக்கிரம் ஓடுங்க! காய்கறி எல்லாம் போவுது!”